பெயர் ஏறாத தோள்கள்: வடசென்னைத் துறைமுக வட்டாரத்தில் வேலையும் வேற்றுமையும்

தண்டையார்பேட்டை என்னும் ஊர்ப்பெயருக்கு மக்கள் வழங்கிவரும் விளக்கத்தை நம்மில் பலரும் அறிவோம். தொண்டிப் பக்கத்திலிருந்து வந்து வடசென்னையில் தங்கித் தவமியற்றிய குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களை மக்கள் ‘தொண்டியார்’ என அழைத்தனர். அவர் வாழ்ந்த பேட்டை ‘தொண்டியார்பேட்டை’ ஆயிற்று என்பது அவ்விளக்கம். ஆனால் எழும்பூர், புரசைவாக்கம் ஆகியவற்றுடன் 1693ஆம் ஆண்டில் ஆங்கிலக் குழுமத்தார் பெற்ற ஊர்களுள் தண்டையார்பேட்டையும் ஒன்று. மஸ்தான் சாகிபு அவர்களோ 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்தவர். ஆகவே ஊரின் பெயர் அவரினும் மூத்தது. எனினும் அம்மக்கள் வழக்கை வெறும் பிழையென்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. வெளியூரிலிருந்து வந்த ஒருவரின் பெயரைத் தன் பெயராக ஏற்றுக்கொள்ள ஒரு வட்டாரம் விரும்பியது என்பதும் வரலாற்றுச் செய்தியே அன்றோ?

அதே வட்டாரத்தில் பெயர் எழுதப்படாமற் போனவர்களைப் பற்றியே நாம் இங்கே பேச எடுத்துக்கொண்டோம். இராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர் வழியே எண்ணூர் வரை நீளும் கடலோரத்தில், ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாகக் கப்பல், இருப்புப்பாதை, ஆலை, அனல்மின் நிலையம் என வேலை பெருகிக்கொண்டே வந்திருக்கிறது. அந்த வேலை யாருக்குக் கிட்டியது, யாருக்குக் கிட்டவில்லை? சாதி, சமயம், மொழி ஆகிய பிறப்படையாளம் ஒன்று, வயது ஒன்று, உடலின் குறைநிறை ஒன்று. இம்மூன்றையும் தனித்தனிச் சிக்கல்களாகக் கருதிப் பேசுவதே இன்றைய வழக்கம். வரலாற்றைப் புரட்டினால் மூன்றும் ஒரே வாயிலில் வந்து நிற்பதைக் காண்கிறோம். அது வேலைக்கு ஆள் எடுக்கும் வாயில். அவ்வாயிலில் தொழிலாளியின் பெயரேறிய பதிவேடு ஒன்று இருந்ததா, இல்லையா என்பதே மூன்று வேற்றுமைகளின் போக்கையும் முடிவுசெய்தது என்பது நம் கருத்து.

கஞ்சித்தொட்டியும் உடலின் அளவையும்

துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்பு சென்னைக் கரையைக் கப்பல்கள் நெருங்க இயலாது. அலைக்கு அப்பால் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து, ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளே ஆளையும் சரக்கையும் கரைசேர்த்தன. அப்படகுகளைச் செலுத்தியோர் கடற்கரைச் சமூகத்தவர். இராயபுரம் என்னும் பெயரே இராயப்பர் எனப்படும் தூய பேதுருவின் பெயரால் அமைந்தது. படகுத்தொழில் பிறப்பால் வந்தது. தோள்வலி உள்ளவரை நிலைத்தது. தோள் தளர்ந்த அன்றே முடிந்தது.

தோள் தளர்ந்தோர் சென்றுசேர ஓரிடமும் அதே இராயபுரத்தில் இருந்தது. 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது அங்கே கஞ்சி வார்க்கும் சாவடியொன்று எழுந்தது. ஊர் மணியக்காரரின் பெயரால் அது மணியக்காரர் சத்திரம் எனப்பட்டது. அதனைச் சார்ந்து வளர்ந்த மருத்துவமனையே பிற்காலத்து ஸ்டான்லி மருத்துவமனையாயிற்று. வடசென்னை முதியோர் அதனைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். வேலைத்தலமும் கஞ்சித்தொட்டியும் கூப்பிடு தொலைவில் அமைந்திருந்தமை தற்செயலாக இருக்கலாம். ஆனால் உழைக்க வல்லவனுக்குக் கூலி, வல்லமை இழந்தவனுக்குக் கஞ்சி, இவ்விரண்டுக்கும் இடையில் வேறெதுவும் இல்லை என்ற நிலை தற்செயலானதன்று.

1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சத்தில் இந்நிலை அரசின் கொள்கையாகவே எழுதப்பட்டது. பசித்து வந்தோர் வகைபிரிக்கப்பட்டனர். உடல்வலி உடையோர் நிவாரண வேலைக்கு அனுப்பப்பட்டனர். எண்ணூர்ப் பக்கத்துக் கால்வாயை அடையாற்றோடு நகரின் ஊடே இணைத்த பகுதி அவ்வாறு பஞ்சத்தொழிலாளர் வெட்டியதே. அன்றைய ஆளுநரின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. வேலை செய்ய ஆண்மகனொருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதுமென்று சர் ரிச்சர்ட் டெம்பிள் வரையறுத்தார். பெண்ணுக்கும் வேலைசெய்யும் சிறாருக்கும் அதனினும் சற்றுக் குறைவு. இவ்வளவு உணவில் மனித உடல் உழைத்து உயிர்வாழ இயலாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதிட்டார். இவ்வாதத்தில் நாம் கவனிக்க வேண்டியது, இரு தரப்பினரும் உடலை அளந்தனர் என்பதே. வயது, பால், வலிமை ஆகியவற்றால் மனிதரைத் தரம்பிரித்து, அத்தரத்துக்கேற்பக் கூலியை நிறுவும் முறை இக்கடற்கரையில் ஓர் அரசுப் பட்டியலாக உருக்கொண்டது.

மேஸ்திரியின் கண்

சென்னையில் செயற்கைத் துறைமுகம் அமைக்கும் பணி 1870களின் நடுவில் தொடங்கிற்று. 1881ஆம் ஆண்டுப் புயலில் அலைதடுப்புச் சுவர்கள் சிதைந்தன. பணி மீண்டும் தொடங்கிற்று. 1904 முதல் 1919 வரை பொறுப்பிலிருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில்தான் அது நிலையான துறைமுகமாயிற்று. இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலேயே திறக்கப்பட்டிருந்தது. கடலும் தண்டவாளமும் சந்தித்த இடத்தில் சுமைதூக்குவோர் பல்லாயிரவர் தேவைப்பட்டனர்.

அவ்வேலையின் சொற்களே அதன் வரலாற்றைச் சொல்கின்றன. கலாசி, சாரங்கு ஆகியவை அரபு, பாரசீக வழியில் மரக்கலத்தோடு வந்த சொற்கள். மேஸ்திரி போர்ச்சுக்கீசியம் தந்தது. கூலி என்பதோ நம் தமிழ்ச்சொல். அதுவே ஆங்கிலத்தில் புகுந்து உலகெங்கும் ஒரு மனித வகையின் பெயராயிற்று என்பது அறிஞர் பலர் கொள்கை. மரக்கலராயர் மரபினர் என்று பெருமை பேசும் நாம், கப்பலின் உரிமையாளரையும் வணிகரையும் நினைவுகூரும் அளவுக்குக் கலாசியையும் கூலியையும் நினைவுகூர்ந்திருக்கிறோமா என்று ஒருகணம் எண்ணிப்பார்க்கலாம்.

அன்று துறைமுகத்தில் வேலை நாட்கூலி வேலையே. கப்பல் வந்தால் வேலை, வாராவிட்டால் பட்டினி. விடியலில் வாயிலில் கூடி நிற்போருள் யாரை அழைப்பது என்பதை மேஸ்திரி தீர்மானித்தார். அவருடைய கண்ணே சட்டம். அக்கண் முதலில் தன் உறவினரையும் ஊராரையும் சாதியாரையும் கண்டது; அடுத்து அகன்ற தோளைக் கண்டது; நரைத்த தலையையும் நொண்டும் காலையும் கண்டதும் அகன்றது. இது சென்னைக்கு மட்டும் உரிய கொடுமையன்று. இலண்டன், லிவர்பூல் துறைமுகங்களிலும் தொழிலாளர் வாயிலில் முண்டியடித்து நின்றனர். 1889ஆம் ஆண்டு இலண்டனில் மூண்ட பெரிய வேலைநிறுத்தம் அம்முறையை எதிர்த்து எழுந்ததே.

வயதைப் பற்றிய சட்டங்கள் மெல்லவே வந்தன. 1881ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயது நிறைந்த குழந்தையை ஆலையில் வேலைக்கு வைக்க இடங்கொடுத்தது. 1891இல் அவ்வெல்லை ஒன்பது, 1922இல் பன்னிரண்டு, விடுதலைக்குப் பின் 1948இல் பதினான்கு. துறைமுகச் சரக்கைக் கையாளும் வேலையிலிருந்து சிறுவரை விலக்க 1938ஆம் ஆண்டில் தனிச்சட்டம் தேவைப்பட்டது. இவையெல்லாம் இளையோரைக் காத்தன. முதியோரைக் காக்க அன்று எச்சட்டமும் இல்லை. வேலைக்கு வரும் வயதை வரையறுத்த அரசு, வேலையால் தேய்ந்த வயதினரை யார் தாங்குவது என்ற வினாவைக் கஞ்சித்தொட்டியிடமே விட்டுவிட்டது.

1921: நம் முகம் தெரியும் கண்ணாடி

துறைமுகத்துக்கு மேற்கே, இருப்புப்பாதையைத் தொட்டாற்போல் பெரம்பூரில் இருந்தவை பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகள். அங்கே நிகழ்ந்ததைச் சொல்லாமல் வடசென்னையின் வேலை வரலாற்றைச் சொல்ல இயலாது. 1918ஆம் ஆண்டு ஏப்ரலில் பி.பி.வாடியா, செல்வபதி செட்டியார், இராமாஞ்சலு நாயுடு, திரு.வி.க. ஆகியோர் முயற்சியால் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என அது போற்றப்படுகிறது. அப்பெருமைக்கு அது முற்றும் உரியதே. ஆனால் மூன்றே ஆண்டில் அச்சங்கம் எதிர்கொண்ட சோதனையை நம் நூல்கள் விரைந்து கடந்துவிடுகின்றன.

1921ஆம் ஆண்டு ஜூனில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டு பல மாதங்கள் நீடித்தது. ஆதிதிராவிடத் தொழிலாளருள் பெரும்பாலார் அதில் சேராமல் ஆலைக்குச் சென்றனர். முந்திய போராட்டத்தில் பட்ட பட்டினி அவர்கள் நினைவில் இருந்தது, சேமிப்போ நிலமோ அவர்களுக்கு இல்லை, எம்.சி.ராஜா போன்ற அவர்தம் தலைவர்கள், தம் மக்களை என்றும் சமமாக நடத்தாதோர் அழைக்கும் போராட்டத்தில் இழப்பு மட்டும் தமக்குச் சமமாக வருவதை ஏற்க மறுத்தனர். வேலைநிறுத்தத்தில் நின்றோர் சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஆவர். கிலாபத் இயக்கமும் ஒத்துழையாமை இயக்கமும் கைகோத்து நின்ற ஆண்டு அது. இந்து முஸ்லிம் ஒற்றுமை என்னும் முழக்கம் எங்கும் ஒலித்தது. அவ்வொற்றுமை புளியந்தோப்பில் ஆதிதிராவிடருக்கு எதிராகத் திரும்பியது. கல்லெறி நிகழ்ந்தது; குடிசைகள் எரிந்தன; காவலர் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். ஆலை நிர்வாகமும் அரசும் இப்பிளவைப் பயன்படுத்திக்கொண்டன என்பது உண்மையே. அரசு ஆதிதிராவிடருக்குச் சலுகை காட்டுகிறது என்று நீதிக்கட்சித் தலைவர் தியாகராய செட்டியார் குற்றஞ்சாட்டினார். வேலைநிறுத்தம் தோற்றது.

பிளவு இருந்தமையாலன்றோ அதனைப் பயன்படுத்த முடிந்தது? பம்பாய் ஆலைகளில் அதிகக் கூலி கிட்டும் நெசவுப் பிரிவில் தாழ்த்தப்பட்டோருக்கு இடமில்லை. அங்கே நாடாவில் நூலை வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டியிருந்தது, அவர்கள் எச்சில்பட்ட நாடாவைத் தொடப் பிறர் மறுத்தனர். 1928ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் அம்பேத்கர் இக்கேள்வியைத் தொழிற்சங்கத்தின்முன் வைத்தார். வேலையில் எங்களுக்கு இடமில்லாத வரை உங்கள் போராட்டத்தில் எங்களுக்கு என்ன பங்கு என்பதே அக்கேள்வியின் சாரம். பெரம்பூரில் ஏழாண்டுக்கு முன்பே எழுந்த அவ்வினாவுக்கு, நம் முன்னோரும் விடைசொல்லாமல் நின்றனர். பிலால் (ரலி) அவர்களை கஅபாவின்மீது ஏறிப் பாங்கு சொல்ல அழைத்த மார்க்கத்தினர் நாம். அந்த ஆண்டில் நாம் நின்ற பக்கத்தை நினைத்தால் தலைகுனியத்தான் வேண்டியிருக்கிறது.

இரங்கூன் தந்த பாடம்

இதே கதை கடலுக்கு அப்பால் வேறு வேடத்தில் நடந்தது. இரங்கூன் துறைமுகத்தின் சுமைதூக்கும் வேலை பெரிதும் தெலுங்கு பேசும் இந்தியத் தொழிலாளர் கையில் இருந்தது. 1930ஆம் ஆண்டு மே மாதம் அவர்கள் கூலி உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்தனர். கப்பல் சரக்கு முகவர்கள் அவர்களுக்குப் பதிலாகப் பர்மியரை அமர்த்தினர். உடன்பாடு ஏற்பட்டு இந்தியர் திரும்பியதும் பர்மியரை வெளியே அனுப்பினர். வாயிலில் மூண்ட கைகலப்பு நகரெங்கும் இனக்கலவரமாகப் பரவி நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரைக் குடித்தது. ஒருவனுடைய பசியைக் கொண்டு மற்றவனுடைய கூலியைக் குறைக்கும் வாயில் எங்கு இருந்தாலும், அதன் முடிவு இதுவே.

1960களில் பர்மிய அரசு வணிகத்தையும் கடைகளையும் நாட்டுடைமையாக்கியபின் தமிழர் பல்லாயிரவர் கப்பலேறி வந்து இறங்கிய இடமும் சென்னைத் துறைமுகமே. அவர்களுள் தமிழ் முஸ்லிம்களும் இருந்தனர். வியாசர்பாடி முதலிய வடசென்னைப் பகுதிகளில் அவர்கள் குடியமர்ந்தனர். அவர்களுக்குத் துறைமுக வேலைப் பதிவேட்டில் இடம் எளிதில் கிட்டவில்லை. துறைமுக மதிலை ஒட்டிய சாலையோரத்தில் கடை விரித்தனர். பர்மா பஜார் எனும் பெயர் பெற்ற அவ்விடத்தை வெளிநாட்டுப் பொருளின் சந்தையாக மட்டுமே நாம் அறிந்திருக்கிறோம். பதிவேட்டுக்கு வெளியே நின்றோர் தாமே அமைத்துக்கொண்ட வேலையிடம் அது என்று கொள்வதே பொருந்தும்.

பதிவேடு வந்தது

விட்லி தலைமையிலான அரசத் தொழிலாளர் ஆணையம் 1931ஆம் ஆண்டு அளித்த அறிக்கையில், இந்தியத் துறைமுகங்களில் நாட்கூலி முறையை ஒழுங்குபடுத்தித் தொழிலாளரைப் பதிவுசெய்ய வேண்டுமெனப் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை சட்டமாகப் பதினேழு ஆண்டுகள் ஆயின. 1948ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் 1950களில் சென்னையில் துறைமுகத் தொழிலாளர் வாரியம் இயங்கலாயிற்று. பிரித்தானியாவில் இதையொத்த திட்டம் 1947இல் வந்திருந்தது.

பதிவேடு செய்த மாற்றத்தை இன்று விளங்கிக்கொள்வது கடினம். தொழிலாளிக்கு ஓர் எண் கிடைத்தது, அட்டை கிடைத்தது. முறைவைத்து வேலை வந்தது. கப்பல் வாராத நாளிலும் வருகைப்பதிவு செய்தவனுக்கு ஒரு தொகை உண்டு. வைப்புநிதி, ஓய்வு பெறும் வயது ஆகியவை வந்தன. அடிபட்டால் இழப்பீடு கோர, அன்று அங்கே வேலை செய்தான் என்பதற்கு எழுத்துச் சான்று இருந்தது. மேஸ்திரியின் கண்ணுக்கும் தொழிலாளியின் உடலுக்கும் நடுவே ஒரு தாள் வந்து நின்றது. அவ்வளவுதான். ஆனால் அத்தாள் மூன்று வேற்றுமைகளின் கூர்மையையும் ஒருசேர மழுக்கிற்று.

அதனைப் பொற்காலமாக்கிவிடவும் நாம் விரும்பவில்லை. பதிவேட்டில் முதலில் ஏறிய பெயர்கள், முன்னமே மேஸ்திரியின் கண்ணில் பட்டோருடையவை. தந்தைக்குப் பின் மைந்தன் என்று இடங்கள் கைமாறியபோது, பழைய சமூக அமைப்பே உறைந்து நின்றது. வெளியே நின்றோர்க்கு உள்ளே வர வழி குறுகியது. ஆயினும் பதிவேடு எழுதப்பட்ட ஒன்றாதலால் அதனைத் திருத்த முடியும். இட ஒதுக்கீடு கோர முடியும். வழக்குத் தொடுக்க முடியும். மேஸ்திரியின் கண்மீது வழக்குத் தொடுக்க யாரால் இயலும்?

பதிவேடு கரைந்தது

நாட்டிலேயே முதன்முதலாகத் தனிச் சரக்குப்பெட்டக முனையம் 1983ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகத்தில் அமைந்தது. மூட்டையாக வந்த சரக்கு இரும்புப் பெட்டியாக வந்தது. நூறு தோள்கள் செய்ததைப் பளுதூக்கி ஒன்று செய்தது. 1997இல் இயற்றப்பட்ட சட்டம் பெருந்துறைமுகங்களில் தொழிலாளர் வாரியங்களைத் துறைமுக நிர்வாகத்தோடு இணைக்க வழிசெய்தது. சென்னை வாரியமும் பின்னர் அவ்வாறே இணைந்தது.

2001ஆம் ஆண்டை இவ்வட்டாரத்தின் திருப்புமுனையெனக் கொள்ளலாம். அவ்வாண்டில் எண்ணூர்த் துறைமுகம் செயற்படத் தொடங்கிற்று. நாட்டின் பெருந்துறைமுகங்களுள் கம்பெனிச் சட்டத்தின்கீழ் அமைந்த முதலாவது அதுவே. குறைந்த எண்ணிக்கையில் நிலையான ஊழியர், ஏனைய பணிகள் ஒப்பந்தத்தில் என்பது அதன் அமைப்பு. 2014இல் அது காமராசர் துறைமுகம் எனப் பெயர்பெற்றது. அதே 2001இல் சென்னைத் துறைமுகத்தின் பெட்டக முனையம் தனியாரிடம் சென்றது. அதே ஆண்டு ஆகஸ்டில், இந்திய உருக்கு ஆணையத்துக்கும் நீர்முனைத் தொழிலாளர் சங்கத்துக்கும் இடையிலான வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு வேலையில் ஒப்பந்தமுறை ஒழிக்கப்பட்டாலும், அங்கே பணிசெய்த ஒப்பந்தத் தொழிலாளர் தாமாகவே நிரந்தர ஊழியராகிவிடமாட்டார் என்பது தீர்ப்பின் முடிவு. மூன்றும் தனித்தனி நிகழ்ச்சிகள். ஆனால் மூன்றும் சேர்ந்து பதிவேட்டைக் கரைத்தன.

அதனால் விளைந்ததை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். நம் நாட்டில் வேலை வேற்றுமையைக் களைய வகுத்த காப்புகளுள் பெரும்பாலானவை அரசுப் பதிவேட்டில் கட்டப்பட்டவை. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007ஆம் ஆண்டு கிட்டிய 3.5 விழுக்காட்டு ஒதுக்கீடு அரசுப் பணிக்கும் கல்விக்கும் உரியது. 2009இல் அருந்ததியருக்குக் கிட்டிய 3 விழுக்காட்டு உள்ஒதுக்கீடும் அத்தகையதே. மாற்றுத்திறனாளிகளுக்கு 1995ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கிய 3 விழுக்காடும், 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதனை உயர்த்திய 4 விழுக்காடும் அரசு நிறுவனங்களுக்கே கட்டாயம். தனியாருக்கு ஊக்கமளிப்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது. ஓய்வூதியமும் அவ்வாறே. வேலை ஒப்பந்தக்காரர் கைக்குப் போனபோது இக்காப்புகளுள் ஒன்றுகூட நீக்கப்படவில்லை. அவை அனைத்தும் ஏட்டில் இருக்கின்றன. அவை பற்றிநிற்க வேண்டிய வேலைதான் வேறிடம் போய்விட்டது. உரிமை பெருகிய அதே ஆண்டுகளில் உரிமைக்குரிய இடம் சுருங்கிற்று.

விரலின் விலை

எண்ணூர், திருவொற்றியூர்ப் பட்டறைகளிலும் வார்ப்பாலைகளிலும் அழுத்தப்பொறிகளிலும் விரல் இழந்தோரை இவ்வட்டாரத்தில் அறியாதார் இல்லை. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் உடலுறுப்புகளின் அட்டவணை ஒன்று உண்டு. கட்டைவிரல் போனால் உழைப்புத்திறனில் 30 விழுக்காடு இழப்பு, சுட்டுவிரல் முழுமையும் போனால் 14, நடுவிரலுக்கு 12, சிறுவிரலுக்கு 7. இழப்பீட்டைக் கணக்கிட வயதுக்கேற்ற பெருக்கெண் ஒன்றும் உண்டு. பதினாறு வயதுக்கு 228.54, நாற்பதுக்கு 184.17, அறுபத்தைந்துக்கு 99.37. இருவர்க்கும் மாத ஊதியம் 15,000 ரூபாய் எனக் கொள்வோம். கட்டைவிரலை இழந்த பதினாறு வயதினனுக்கு ஏறத்தாழ 6,17,000 ரூபாய். அறுபத்தைந்து வயதினனுக்கு ஏறத்தாழ 2,68,000 ரூபாய். இனி ஈட்டக்கூடிய காலத்தைக் கொண்டு கணக்கிடும் முறை இது. அதற்கு ஒரு நியாயம் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் முதியவனுக்கு வேறு வேலை கிட்டாது என்பதை எந்தப் பெருக்கெண்ணும் கணக்கில் கொள்வதில்லை. அச்சட்டம் இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பினுள் அடங்கிவிட்டது; அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது.

இழப்பீடு ஒருமுறை வருவது. அதன்பின் வேலை? பணிக்காலத்தில் உறுப்பிழந்த ஊழியரை நீக்கக் கூடாது, பதவியிறக்கம் செய்யக் கூடாது, பழைய பணி இயலாதெனில் அதே ஊதியத்தில் வேறு பணி தரவேண்டும் என்று 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47ஆம் பிரிவு கூறிற்று. 2016ஆம் ஆண்டுச் சட்டமும் அதனையே தொடர்கிறது. நெஞ்சைத் தொடும் பிரிவு. ஆனால் அதுவும் அரசு நிறுவனங்களுக்கே உரியது. ஒரே துறைமுக வளாகத்தில், ஒரே பளுதூக்கியின் கீழ், ஒரே நாளில் இருவர் கையிழந்தால், பதிவேட்டில் உள்ளவனுக்கு வாழ்நாள் வேலை. ஒப்பந்தத்தில் உள்ளவனுக்கு மறுநாள் வாயில் அடைப்பு. கையிழந்தமை ஒன்றே, குறைபாடு இரண்டு. ஒன்றை இயந்திரம் செய்தது, மற்றொன்றை நாம் செய்தோம்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி, அவர்களுள் வேலை செய்வோராகப் பதிவானவர் ஏறத்தாழ 36 விழுக்காட்டினரே. ‘ஊனமுற்றோர்’ என்ற சொல்லை மாற்றித் தமிழ்நாடு ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல்லைத் தந்தது; பெருமைக்குரிய செயல். மாறிய சொல்லைப் பின்பற்றி வேலைவாயிலும் மாறவேண்டும்.

பதிவேட்டுக்கு வெளியே இன்று நிற்போர்

அன்று பெரம்பூரில் ஆதிதிராவிடர், இரங்கூனில் தெலுங்கர், பர்மியர். இன்று எண்ணூரில் அஸ்ஸாம், பீகார், ஒடிசா, வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தோர். 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று எண்ணூரில் கட்டப்பட்டுவந்த அனல்மின் நிலையத்தில் உயரத்தில் அமைத்த கட்டுமானம் சரிந்து ஒன்பது தொழிலாளர் மாண்டனர், அவர்கள் வெளிமாநிலத்தினர். மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளரைப் பதிவுசெய்ய வேண்டுமென்று 1979ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. ஆனால் 2020ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தில் அவர்கள் இரயில்நிலையங்களை நோக்கி நடந்தபோதுதான், அவர்கள் எத்தனை பேர், எங்கெங்கு இருந்தனர் என்பதற்கு நம்பத்தகுந்த ஏடு யாரிடமும் இல்லை என்பது வெளிப்பட்டது.

இந்த ஊர் இளைஞர் தமக்கு வேலையில்லை என்று குறைகூறுகின்றனர். வெளியூரார் பறித்துக்கொண்டார் என்கின்றனர். குறை மெய்யானது, பழி போய்ச்சேரும் இடம் பொய்யானது. வெளியூர் இளைஞனை ஒப்பந்தக்காரர் விரும்புவது அவன் மொழிக்காகவோ திறமைக்காகவோ மட்டுமன்று. அவன் இளையவன், நலமான உடலுடையவன், உறவும் சங்கமும் இல்லாதவன், அடிபட்டாலும் முதிர்ந்தாலும் வேறோர் ஊருக்குத் திரும்பிவிடுவான். அங்கே அவனைத் தாங்கும் செலவு இந்த வாயிலைச் சேராது. நாற்பதைக் கடந்த உள்ளூரானும், விரலிழந்தவனும், வெளியூர் இளைஞனும் ஒரே கணக்கின் மூன்று உருப்படிகள். அவர்களை ஒருவரோடொருவர் மோதவிடுவது புளியந்தோப்பை மீண்டும் எரிப்பதாகும்.

கலீபா கண்ட முதியவர்

இமாம் அபூ யூசுப் அவர்கள் கலீபா ஹாரூன் அர்ரஷீதுக்காக எழுதிய கிதாபுல் கராஜ் நூலில் ஒரு நிகழ்ச்சி பதிவாகியிருக்கிறது. கலீபா உமர் (ரலி) அவர்கள் ஒரு வாயிலில் இரந்து நிற்கும் முதியவரைக் கண்டார்கள். அவர் பார்வையற்றவர், யூதர். இந்நிலைக்கு வந்தது ஏன் என வினவியபோது வரியும் வறுமையும் முதுமையுமே காரணம் என்றார் அவர். கலீபா அவரைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்று உதவினார்கள். பின்னர் பொதுநிதிக் காப்பாளரிடம் அனுப்பி, அவரையும் அவரையொத்தோரையும் கவனிக்குமாறும் அவர்மீதிருந்த வரியை நீக்குமாறும் பணித்தார்கள். ஒருவருடைய இளமையின் உழைப்பை உண்டுவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியன்று என்பது அவர்கள் கூறிய காரணம்.

இந்நிகழ்ச்சியை நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். கலீபாவின் இரக்கத்துக்குச் சான்றாகவே சொல்லக் கேட்கிறோம். நமக்கோ அதில் வேறொன்று தெரிகிறது. முதுமை, உடற்குறை, பிறிதொரு சமூகத்தில் பிறந்தமை ஆகிய மூன்றும் அந்த ஒரே மனிதரிடம் கூடியிருந்தன. கலீபா அவற்றைப் பிரித்துப் பார்க்கவில்லை. தம் கையிலிருந்து அளித்ததோடு நிறுத்தவும் இல்லை. அவரையொத்தோர் என்று சொன்னதன்மூலம் தனிமனிதரை ஒரு வகையாக்கி, அவ்வகைக்குப் பொதுநிதியில் இடம் வகுத்தார்கள். இரக்கம் பதிவேடாக மாறிய இடம் அது.

வடசென்னையில் நம்மவர் தொழிலாளராக மட்டும் இல்லை. தோல் வணிகம், சரக்குப் போக்குவரத்து, கட்டுமானம், ஒப்பந்தப்பணி எனப் பல துறைகளில் வேலைகொடுப்போராகவும் இருக்கின்றனர். ஜமாஅத்துகள் ஸகாத்தைத் திரட்டி முதியோர்க்கும் உடற்குறையுடையோர்க்கும் அளிக்கின்றன, அது தொடரட்டும். அதனோடு, நம்மிடம் வேலைசெய்வோர் யாவர், அவர்தம் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது, அடிபட்டால் எந்தத் தாளைக் காட்டி அவர்கள் உரிமை கேட்பர் என்ற கேள்விகளை நம் வாயிலில் நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த ஏட்டில் நம் சமூகத்தார் பெயர் மட்டும் இருந்தால் 1921 இன்னும் முடியவில்லை என்று பொருள்.

தொண்டியிலிருந்து வந்தவருக்கு இவ்வட்டாரத்து மக்கள் ஓர் ஊரையே பெயராக எழுதிக்கொடுக்க முன்வந்தனர். ஹோஜாயிலிருந்தும் கஞ்சத்திலிருந்தும் வருபவர் கேட்பது அவ்வளவு பெரிதன்று. ஓர் ஏட்டில், ஒரு வரியில், தம் பெயர்.